கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி எறியுங்கள்

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். உறவினர் ஒருவர் அவனுக்கு 60 மி.மீ. தொலைநோக்கி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். பெட்டியின் மேல் ‘525 மடங்கு’ என்று போட்டிருக்கிறது. ‘சன்’ என்று எழுதிய சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் உள்ளே இருந்தது. அதை ஐபீஸில் திருகி மாட்ட வேண்டுமாம். இதில் சூரியனைப் பார்க்கலாமா? அல்லது 30,000 ரூபாய்க்குள் சூரியனுக்கும் இரவு வானத்துக்கும் பொதுவாக ஒன்று வாங்கிவிடலாமா? சூரியனின் விளிம்பில் எழும் சுடர்களைப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, தொலைநோக்கி வாங்குவதைப் பிறகு பேசலாம். முதலில் அந்தக் கறுப்புக் கண்ணாடியைச் சுத்தியலால் தட்டி உடைத்துக் குப்பையில் போடுங்கள். மேசை இழுப்பறையில் வைத்திருந்தால் என்றாவது ஒருநாள் பேரன் கையில் கிடைக்கும்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் நம் கண்மணியின் விட்டம் ஏறக்குறைய 2 மி.மீ. உங்கள் தொலைநோக்கியின் முன் லென்ஸ் 60 மி.மீ. விட்டம் 30 மடங்கு என்றால் பரப்பு 900 மடங்கு. அவ்வளவு ஒளியும் வெப்பமும் குவிந்து வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்தக் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது. கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு சூட்டில் விரிசல் விடும். எப்போது விடும் என்று யாரும் சொல்ல முடியாது. விடும்போது கண் ஐபீஸில்தான் இருக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் சுட்டதும் உடனே புரியாது. இப்படியொரு பொருளைப் பிள்ளைகளுக்கான பெட்டியில் போட்டு விற்பவர்களை என்ன சொல்வது?

ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் குழாயின் முன்வாய். ஒளி உள்ளே நுழைவதற்கு முன்பே அதைத் தடுத்துவிட வேண்டும். இதற்கென்றே சோலார் ஃபிலிம் தாளாகக் கிடைக்கிறது. வாங்கும்போது ஒளியடர்த்தி எண்ணைப் பாருங்கள். 5 என்றால் லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகும். கண்ணால் பார்க்க அதுதான் வேண்டும். 3.8 என்று இருந்தால் அது கேமராவுக்கு மட்டும். கெட்டி அட்டையில் மூடிபோலச் செய்து, தாளை அதில் ஒட்டி, குழாயில் மாட்டியபின் சுற்றிலும் டேப் போட்டுவிடுங்கள். உங்கள் ஊர்க் காற்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளை அளவு ஒளிப் புள்ளி தெரிந்தாலும் அந்தத் தாள் வேண்டாம். தாள் சுருங்கியிருந்தால் பரவாயில்லை, இழுத்து விறைப்பாக்க வேண்டாம்.

கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐபீஸில் பார்ப்பதும் அதே ஆபத்துதான். எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி பற்றியெல்லாம் பேசவே வேண்டாம். குழாயோடு இருக்கும் சின்ன ஃபைண்டரையும் மூடிவிடுங்கள், அல்லது கழற்றி வையுங்கள். அதுவும் ஒரு தொலைநோக்கிதானே! சூரியனைத் தேட அது தேவையில்லை. தரையில் விழும் குழாயின் நிழல் மிகச் சிறிதாகும்வரை திருப்பினால் போதும். தொலைநோக்கியைத் தனியே விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள்.

ஃபிலிமில் தெரிவது வெள்ளை வட்டும் கரும்புள்ளிகளும். பெரிய புள்ளி ஒன்று பூமியையே விழுங்கும் அளவுக்கு இருக்கும். கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்துவருகிறார்கள். புள்ளியைச் சுற்றியுள்ள மங்கலான விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்ததும் அங்கேதான். பேரனை ஒரு நோட்டில் வட்டம் போட்டு, தினமும் புள்ளிகளைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் சூரியன் சுழல்வதை அவனே உங்களுக்கு விளக்குவான். வெயில் ஏறினால் படம் அலையடிக்கும், காலை 9 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

அவன் கேட்ட சுடர்கள் இதில் தெரியாது. அவற்றுக்கு ஹைட்ரஜன் ஆல்ஃபா என்னும் 656.3 நானோமீட்டர் சிவப்பொளியை மட்டும் விடும் தனித் தொலைநோக்கி வேண்டும். அதன் விலை உங்கள் தொகையைப்போலப் பல மடங்கு. இரவில் அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே இரவுக்கு நல்ல தொலைநோக்கியாக வாங்கி, அதற்கு ஃபிலிம் போடுங்கள்.

பெட்டியில் போட்ட 525 எப்படி வருகிறது? இந்த வகையில் குவியத் தொலைவு பெரும்பாலும் 700 மி.மீ. அதை 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 175. அதோடு ஒரு மூன்று மடங்கு லென்ஸ். பெருக்கல் சரி, ஆனால் பயன் இல்லை. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதே உச்ச வரம்பு, அதாவது உங்களுடையதற்கு 120. அதற்கு மேல் கலங்கிய பெரிய படம்தான் மிஞ்சும்.

உங்கள் தொகைக்கு 130 மி.மீ. கண்ணாடியுள்ள டாப்ஸோனியனைத் தேடுங்கள். மேசைமேல் வைக்கும் வகை. இந்த வகைக்குப் பெயர் தந்த ஜான் டாப்ஸன் சான் ஃபிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண இயக்கத்தின் வேதாந்தத் துறவியாக இருந்தவர். பழைய பொருட்களைக் கொண்டு தொலைநோக்கி செய்து, தெருவோரத்தில் வைத்து, போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டியவர். இதன் தாங்கி மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் மரப்பெட்டி, அவ்வளவுதான். காசெல்லாம் கண்ணாடிக்கே போகிறது.

கடைக்காரர் ஈக்வடோரியல் மவுண்ட் என்னும் தாங்கியைத் தலையில் கட்டப் பார்ப்பார். வேண்டாம். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். நாகர்கோவிலில் அது அடிவானத்திலிருந்து 8 பாகைதான், தென்னைகளுக்குப் பின்னால். மலிவான மவுண்டை அவ்வளவு தாழ்த்தினால் எடைக்கல் காலில் இடிக்கும்.

டாப்ஸோனியனில் கண்ணாடிகளை அவ்வப்போது நேர்ப்படுத்த வேண்டும். இரண்டு மாலைகளில் பழகிவிடும். ஒரு எச்சரிக்கை: இத்தகைய குழாய்களின் தூசி மூடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். அது சூரியனுக்கான ஏற்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். ஃபிலிம் ஒட்டாத துளை வெறும் துளைதான்.

தென்கோடியில் இருப்பதில் ஆதாயமும் உண்டு. மே மாதம் இரவு 10 மணி வாக்கில் தெற்கே ஒமேகா சென்டாரியைத் தேடுங்கள். லண்டன்காரர்களுக்கு எழவே எழாத அந்த நட்சத்திரக் கொத்து, உங்கள் மொட்டைமாடியில் 34 பாகை உயரத்தில் நிற்கும். பகலில் சுட்ட காங்கிரீட் ஆறட்டும். எட்டு மணிக்கு வியாழன் நடுங்கினால் தொலைநோக்கியைக் குறை சொல்லாமல் பத்து மணிக்கு மறுபடி பாருங்கள். ஐபீஸ்களை சிலிகா ஜெல் பையோடு டப்பாவில் வையுங்கள், கடற்கரை ஊரில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். பழைய 60 மி.மீ. குழாயை நிலா பார்க்கப் பேரனிடமே விட்டுவிடுங்கள், 25 மி.மீ. ஐபீஸ் இருந்தால் அதை மாட்டிக் கொடுங்கள், அந்த மூன்று மடங்கு லென்ஸ் வேண்டாம்.