அ என்றால் அத்திமரம்

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன்.

ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பை நீ எடுக்கப்போவதாக உன் அம்மா சொன்னாள். நீ அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். அ அன்னாள், ஆ ஆதாம், இ இயேசு, ஈ ஈசாக்கு, எ எஸ்தர், ஏ ஏவாள் என்று அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் எல்லாமே பெயர்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அன்னாள் என்பது வெறும் சத்தம். அத்திமரம் என்றால் அது ஏறிப் பார்க்கிற மரம்.

ஆகவே எழுத்துக்குப் பெயரைத் தேடாதே. கதைக்குள் இருக்கிற பொருளையோ செய்கையையோ தேடு. அ என்றால் அத்தி. குள்ளமான சகேயு கூட்டத்தில் ஒன்றும் தெரியாமல் காட்டத்தி மரத்தில் ஏறிய கதையைச் சொல். சகேயு என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் உனக்கு ஒரு வசதி இருக்கிறது, பாளையங்கோட்டையில் எனக்கு அது கிடையாது. உன் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். சம்பிகே ரோட்டில் கன்னடப் பலகைகளைப் பார்க்கிறார்கள், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் எழுதுகிறார்கள். தமிழ் எழுத்தைப் பார்ப்பது பெரும்பாலும் கோயிலில் மட்டும். அப்படியானால் இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்களாகப் பொறுக்கு. அத்தியைக் கன்னடத்திலும் அத்தி என்றுதான் சொல்கிறார்கள். உப்புக்கும் அதே பெயர். எண்ணெய் அங்கே எண்ணெ, ஐந்து ஐது, ஏழு ஏளு. ஊது என்றால் அங்கேயும் ஊதுவதுதான். ஊ வரும் வாரம் எரிகோவின் மதிலைச் சுற்றிப் பிள்ளைகளை ஊதவிடு. அடுத்த அறை வகுப்பாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. எ வாரம் எலிசாவிடம் வந்த விதவையின் எண்ணெய். பக்கத்து வீடுகளில் பாத்திரம் இரவல் கேட்கிற கதை அது. பிள்ளைகள் ஒருவரிடம் ஒருவர் டம்ளர் வாங்கி வரட்டும், பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெயும் நிற்கட்டும்.

ஓ எழுத்துக்கு ஓடு என்று வைத்தால் இரண்டு கதை கிடைக்கும். திமிர்வாதக்காரனை நான்கு பேர் கூரை வழியாக இறக்கியபோது பிரித்த ஓடு ஒன்று. மல்லேஸ்வரத்தின் பழைய வீடுகளில் இன்னும் மங்களூர் ஓட்டைக் காட்டலாம். இன்னொன்று, கெட்ட குமாரன் தூரத்தில் வரும்போதே அவன் அப்பா எழுந்து ஓடியது. இந்த ஓடு கன்னடத்திலும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கிழவர் ஓடுகிறார் என்றாலே பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள்.

ஈக்கு ஈசாக்கு இருக்கட்டும், அந்த ஒரு பெயரை விட்டுவைக்கலாம். ஆனால் மோரியா மலைக்கு இந்த வயதில் அழைத்துப் போகாதே. பலிபீடமும் கத்தியும் அப்பாவும் இரவில் கனவில் வரும். வயதான சாராள் சிரித்த கதை போதும். கடுமையான பாடத்தோடு தொடங்கிய அரிச்சுவடியும் உண்டு. 1690 வாக்கில் பாஸ்டனில் வந்த நியூ இங்கிலாந்து பிரைமர் என்ற அரிச்சுவடி, முதல் எழுத்துக்கே ஆதாமின் பாவத்தைத்தான் வைத்தது. பல தலைமுறை அதைப் படித்து எழுத்துக் கற்றது உண்மைதான். ஆனால் எழுத்தைத் தொட்ட முதல் நாளே ஒரு குழந்தையிடம் நீ குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நடைமுறையில் உனக்கு முதலில் வரும் சங்கடம் க, த. கன்னடத்தில் கவுக்கும் காந்தியின் முதல் எழுத்துக்கும் தனித்தனி வடிவம். தவும் அப்படியே. உன் வகுப்பில் ஐந்து வயதுக்காரன் ஒருவன் கோலியாத்தையும் தாவீதையும் எழுதியபடியே வல்லினமாக வாசிப்பான், இல்லையென்றால் இந்த எழுத்து தப்பு என்பான். இலக்கணம் சொல்லாதே. நீ சரியாகச் சொல்லிக்காட்டு, அவனைத் திருப்பிச் சொல்லச் சொல். தாவீதின் ஐந்து கூழாங்கற்களையும் தரையில் வை, ஐயும் அதில் முடிந்துவிடும்.

ங, ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் கதையைத் தொடங்க முடியாதே என்று கேட்டிருந்தாய். தொடங்க வேண்டாம், நடுவில் இருந்தால் போதும். தானியேலின் சிங்கத்தில் ங இருக்கிறது. நோவாவின் பேழையில் ழ, அவன் பறக்கவிட்ட புறாவில் ற, யோனாவை விழுங்கிய மீனில் ன. ஆத்திசூடி பாடிய ஔவையாரே ஙவுக்குச் சொல் தேடவில்லை, அந்த எழுத்தையே பாடமாக்கிவிட்டார். மாறாக ரவும் லவும் நம் அரிச்சுவடியில் திண்டாடும் எழுத்துகள், வேதத்தில் ரூத்தும் லாசருவும் வரிசையில் நிற்கிறார்கள்.

ஞவுக்குக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள். நம் பழைய மொழிபெயர்ப்பில் சாஸ்திரிகள் என்று இருக்கும். மல்லேஸ்வரத்துப் பிள்ளைக்குச் சாஸ்திரிகள் என்றால் அடுத்த தெருக்காரர். அவர் ஒட்டகத்தில் போனதாக நினைத்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொல்லும். கத்தோலிக்கப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்கிறாய். அவர்களுடைய பாட்டிமார் யோசேப்பைச் சூசையப்பர் என்றும் யோவானை அருளப்பர் என்றும் சொல்லிக் கொடுத்திருக்கலாம். திருத்தாதே, இரண்டு பெயரும் இருக்கட்டும்.

எழுதுவதற்கு நோட்டு வேண்டாம், தட்டில் ரவையைப் பரப்பு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டவர் அவர். 1789க்குப் பிறகு சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களின் விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற குருவும் நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் சேர்த்து 1797இல் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். நீயும் எட்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொள், உன் குரல் மிஞ்சும்.

எழுத்து வரிசையில் ஒரு கெடுதலும் உண்டு. சங்கீதம் 119 எபிரெய எழுத்துகள் 22க்கும் எட்டெட்டு வசனமாக 176 வசனம் ஓடுகிறது. மனப்பாடத்துக்கு அது நல்ல பிடிமானம், அங்கே கதை கிடையாது. உன் வகுப்பிலோ அத்தியில் சகேயு முதலில் வருவான், ஏழு நாள் படைப்பு பிறகு வரும், இயேசுவுக்கு அப்புறம் நோவா என்று பிள்ளைகள் நம்பிவிடும். சுவரில் ஒரு கொடி கட்டு. ஒவ்வொரு வாரப் படத்தையும் கிளிப் போட்டு, எழுத்து வரிசையில் இல்லாமல் கதை நடந்த வரிசையில் மாட்டு. நடுவில் இடம் விட்டு மாட்ட வேண்டும். புதுப் படம் எங்கே போகும் என்று பிள்ளைகளே சண்டை போடட்டும்.

கடைசியில் ஔ. ஊரில் நாங்கள் ஔவையாரோடு முடித்துவிடுவோம். உனக்கு ஔஷதம் இருக்கிறது. இங்கே அது வேதப் புத்தகச் சொல், நீதிமொழிகள் 17இல் வருகிறது. அங்கே மருந்துக்கடைப் பலகையில் ஔஷதி என்று எழுதியிருப்பதை உன் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டிய சமாரியன் கதையை அதில் சொல். துணிக்கட்டு நிறையவே கொண்டுபோ. எல்லாருக்கும் அடிபட்டவனாக இருக்கத்தான் ஆசை வரும், சமாரியனுக்கு ஆள் பிடிப்பதுதான் கஷ்டம்.

அன்புடன்,
பெரியப்பா