பச்சை வளையம் மட்டும் போதுமா?

1942-ல் மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங் தொடங்கிய காலத்தில், ஊரிலிருந்து பம்பாய் வந்திறங்கிய பையன்கள் பலரும் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் பண்ணியவர்கள். மெஸ் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் தங்கள் ஸ்பீடைச் சொல்வார்கள். அவர் ஃபோர்ட்டில் இருக்கும் தன் ஆபீசில் ஒரு வார்த்தை போட்டு வைப்பார்.

இன்று அந்த வேலையைச் செய்வதாகச் சொல்வது லிங்க்ட்இன். 2003-ல் ஆரம்பித்தபோது அது பயோடேட்டா மாட்டி வைக்கும் இடம். அப்புறம் திறமைக்கு ஒரு கிளிக்கில் ஒப்புதல் (2012), கைதட்டல் முதலான ரியாக்‌ஷன்கள் (2019), ஸ்டோரி (2020), புதிர் விளையாட்டு (2024) என்று ஃபேஸ்புக் வாசனை ஏறிக்கொண்டே போனது. ஸ்டோரியை ஓராண்டிலேயே மூடிவிட்டார்கள். யாரும் தேடியதாகத் தெரியவில்லை. வேலை தேடுகிறவர் இதில் எல்லாவற்றையும் தொட வேண்டியதில்லை.

முதலில் பெயரைச் சரி பண்ணுங்கள். மும்பைத் தமிழர்களுக்கு இது தனித் தலைவலி. ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வரும். பள்ளிச் சான்றிதழில் வெறும் இனிஷியல். மகாராஷ்டிர வழக்கப்படி எழுதிய மார்க் ஷீட்டில் அப்பா பெயர் நடுவில் உட்கார்ந்திருக்கும். 2023 முதல் இந்தியாவில் ஆதாரை வைத்து ப்ரொஃபைலைச் சரிபார்த்துக்கொள்ளலாம், கட்டணமில்லை. ப்ரொஃபைலில் உள்ள பெயர் ஆதாரோடு ஒத்துப்போனால்தான் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற குறி கிடைக்கும். பின்னாளில் ஹெச்.ஆர். பின்னணி விசாரிக்கும்போதும் இதே பெயர்ச் சிக்கல்தான் வரும். இப்போதே முடித்துவிடுவது நல்லது. பெயரை உங்கள் குரலிலேயே பத்து விநாடி பதிவு செய்யும் வசதியும் உண்டு. கனிமொழியைக் ‘கனிமோலி’ என்று கூப்பிடும் ஊரில் அது வீண் அலங்காரமில்லை.

அடுத்தது பச்சை வளையம். ‘வேலைக்குத் தயார்’ என்ற அறிவிப்பை, உங்கள் படத்தைச் சுற்றி இந்த வளையத்தோடு ஊருக்கே காட்டலாம். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டலாம். வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவர் இரண்டாவதையே எடுக்கட்டும். உங்கள் கம்பெனியின் ஆள் எடுப்பவர்கள் கண்ணில் படாமல் இருக்க முயல்வோம் என்கிறது தளம், உறுதி தரவில்லை. லைக்கும் அப்படித்தான். நீங்கள் போட்ட கைதட்டல் உங்கள் மேனேஜரின் திரையிலும் போய் நிற்கலாம். ‘டாக்ஸிக் பாஸ்’ பற்றிய பதிவைப் படித்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று தளம் காட்டும் பரிந்துரைகளை மாற்றி மாற்றிக் காட்டி, 5 ஆண்டுகளில் சுமார் 2 கோடிப் பேரிடம் நடத்திய சோதனை அது. வேலை மாற அதிகம் உதவியவர்கள் நெருங்கிய கூட்டாளிகள் அல்ல, ஓரளவு தெரிந்தவர்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே சொன்னதுதான். காரணம் எளிது: தாராவி 90 அடி சாலையில் உங்கள் தெருப் பையனுக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். மித்தி ஆற்றைத் தாண்டி பி.கே.சி. ஆபீஸ் கட்டடங்களில் என்ன காலி என்பது அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

அவரைப் பிடிக்கக் கல்லூரிப் பக்கத்துக்குப் போங்கள். சயான் எஸ்.ஐ.இ.எஸ்., மாட்டுங்கா ருயியா, வி.ஜே.டி.ஐ. எதுவானாலும், பழைய மாணவர்கள் எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்திலேயே பிரித்துப் பார்க்கலாம். இத்தனை சமூக வசதிகளில் என் ஓட்டு இதற்குத்தான். இதை யாரும் கொட்டி முழக்குவதில்லை. ஆளைக் கண்டதும் வெறும் அழைப்பு அனுப்பாதீர்கள். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில குறிப்புகளே எழுத முடியும் என்பதால் ஆள் பார்த்துச் செலவழியுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் சாரம் இப்படி இருக்கட்டும்: “வணக்கம் சார், நான் உங்கள் கல்லூரியில் 2023-ல் பி.காம். முடித்தேன். செம்பூரில் ஒரு ஆடிட்டரிடம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பார்க்கிறேன். உங்கள் டீமில் ஜூனியர் அக்கவுண்ட்ஸில் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று பத்து நிமிஷம் கேட்கலாமா?” இதில் ‘வேலை வாங்கிக் கொடுங்கள்’ இல்லை, கவனித்தீர்களா? வாங்கித் தரும் அதிகாரம் அவரிடம் இருக்காது. சொல்ல விஷயம் இருக்கும். விஷயத்தைக் கேட்டால் பதில் போடுவதும் அவருக்குச் சுலபம்.

மொழி விஷயத்தில் ஒரு சின்ன வருத்தம். 2021-ல் ஹிந்தி வந்தது. 2024-ல் மராத்தி, தெலுங்கு, வங்காளம், பஞ்சாபி சேர்ந்தன. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. மராத்தி படிக்கத் தெரிந்த தாராவிப் பிள்ளைகள் அதிலேயே தளத்தைத் திறந்து பழகலாம். பேச, படிக்கத் தெரிந்த மொழிகளில் மராத்தியை மறக்காமல் போடுங்கள். வங்கிக் கிளை, வாடிக்கையாளர் சேவை வேலைகளுக்கு அது எடை கூட்டும்.

கிளிக்கில் கிடைக்கும் ஒப்புதல் ஐம்பதை விட, கூட வேலை செய்தவர் எழுதித் தரும் நாலு வரி பெரிது. கேட்கும்போதே எதைப் பற்றி என்று எடுத்துக் கொடுங்கள்: “சார், மார்ச் கணக்கு முடிக்கும்போது ஸ்டாக் குளறுபடியைக் கண்டுபிடித்தேனே, அதைப் பற்றி எழுதுவீர்களா?” அவருக்கும் யோசிக்கும் வேலை மிச்சம்.