தெரிந்து வாங்குதல்

தொழில் எதுவாயினும் அதற்கு இரண்டு கண்கள் உண்டு. ஒன்று கைத்திறன், மற்றொன்று சொல் தவறாமை. பழுது பார்ப்பதில் வல்லவனும், வருவதாகச் சொன்ன நாளில் வாராதொழியின், மக்கள் அவனை நம்பார். சொன்ன சொல்லைக் காக்க நினைவு வேண்டும். நினைவு தளரும் இடத்தில் ஏடு துணை செய்யும். அவ்வேடு இந்நாளில் மென்பொருளாகக் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் வந்துள்ளது. அதனைத் தெரிந்து வாங்கும் முறையை இங்குக் காண்போம்.

மோட்டார் பம்புக்கும் கிரைண்டருக்கும் பெயர்பெற்ற ஊர் கோயம்புத்தூர். அதன் அருகே என் பழைய மாணவர் ஒருவர் பம்புகளைப் பழுது பார்க்கும் பட்டறை நடத்தி வருகிறார். அவரிடம் மூவர் பணிபுரிகின்றனர். தொலைபேசியில் வரும் அழைப்புகளைத் துண்டுத்தாளில் குறித்துக் கம்பியில் குத்தி வைப்பது அவர் வழக்கம். ஒரு கோடையில் உழவர் ஒருவர், தம் மோட்டாரின் காயில் கருகிவிட்டதெனத் தெரிவித்தார். மறுநாள் ஆள் வருவான் என்று விடை கூறினர். துண்டுத்தாள் எங்கோ தொலைந்தது, ஆளும் செல்லவில்லை. நான்காம் நாள் உழவரே பட்டறைக்கு வந்தார். அவர் சினந்து பேசவில்லை. “தம்பி, முடியாதென்று அன்றே சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேனே! நட்ட கத்தரி நாற்றெல்லாம் வாடிவிட்டது” என்று மட்டும் கூறினார். அச்சொல் மாணவரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அன்று மாலையே என்னிடம் வந்தார்.

“ஐயா, மென்பொருள்கள் பல இருக்கின்றன. எதனை வாங்குவது?” என்றார்.

“கணிப்பொறி நுட்பம் நான் அறியேன். ஆயினும், பொருள் வாங்குமுன் எண்ண வேண்டுவனவற்றை அறிவேன். செலவையும் விளைவையும் முடிவில் நிற்கும் ஊதியத்தையும் எண்ணிப் பார்க்குமாறு ‘தெரிந்து செயல்வகை’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கூறுகிறார் அல்லரோ? முதலில் உமக்கு வேண்டுவன யாவை என எழுதும்” என்றேன்.

அவர் எழுதினார்: அழைத்தவர் பெயர், ஊர், எண், பம்பின் வகை, குறை, செல்லும் ஆள், சொன்ன நாள், மாற்றிய உறுப்பு, பெற்ற தொகை, வேலை முடிந்ததா, நிலுவையா என்பது. தேவை இவ்வளவே. இதற்கு மேற்பட்ட அணிகளுக்கு விலை கொடுத்தல் வீண்.

அடுத்து விலையை ஆராய்ந்தோம். பல மென்பொருள்கள் ஆளுக்கு இவ்வளவு என மாத வாடகைக்கு விடப்படுகின்றன. ஆள் ஒருவருக்கு மாதம் 300 ரூபாய் எனக் கொள்வோம். நால்வர்க்கு ஆண்டுக்கு 14,400 ரூபாய் ஆகும். சிறியதாகத் தோன்றும் தொகை, ஆண்டுக் கணக்கில் பெரிதாதல் காண்க. விலையின்றிக் கிடைப்பனவும் உண்டு. 2010-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற லிப்ரே ஆபிஸ் அத்தகையது. அதிலுள்ள விரிதாளில் இவ்விவரங்களை எல்லாம் எழுதலாம். மும்பையில் உருவான ஈஆர்பி நெக்ஸ்ட் என்பதும் கட்டற்ற மென்பொருளே. ஆயினும் அதனை நிறுவி நடத்தக் கணிப்பொறி இடத்துக்கு வாடகையும், அறிந்தவர் ஒருவரின் துணையும் வேண்டும். இலவசமாக வந்த பசுவுக்கும் தீனி இட வேண்டுமன்றோ?

விலைக்கு அப்பாலும் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள. தமிழ் எழுத்தில் பெயர் எழுத இயலுமா? தோட்டத்தில் அலைத்தொடர்பு இல்லாதபோதும் பதிய இயலுமா? நாளை வேறொன்றுக்கு மாற நேரின், நம் பதிவுகள் முழுவதையும் எடுத்துச் செல்ல இயலுமா? பிறருடைய முகவரியும் எண்ணும் நம்மிடம் அடைக்கலப் பொருள்கள். தனியாள் தரவுகளைக் காக்க 2023-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஒரு சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. ஆதலின் அவற்றைக் காக்கும் வகையையும் கேட்டறிதல் கடன்.

மாணவர் அவசரப்படவில்லை. இரண்டு மாதம் விரிதாளிலேயே எழுதி வந்தார். பட்டறையில் எழுதியதை வெளியே சென்றவர் உடனே காண இயலாமை ஒன்றே அதன் குறையெனக் கண்டார். பின்னரே, அக்குறையை நீக்கும் எளிய மென்பொருள் ஒன்றைச் சிறு வாடகைக்குக் கொண்டார். தொலைபேசியை எடுப்பவர், அதனைக் கீழே வைக்குமுன் பதிந்துவிட வேண்டும் என விதியும் வகுத்தார். இவ்விதி இல்லையேல் எம்மென்பொருளும் பயன்படாது.

ஒரு நாள் பட்டறைக்குச் சென்றபோது அவருடைய முதல் விரிதாளைக் கண்டேன். முதல் வரியில் இருந்தது அவ்வுழவரின் பெயர். ‘பெற்ற தொகை’ என்னும் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது.

மாணவர்களே! கருவி நினைவூட்டும், சொல்லைக் காப்பவன் மனிதனே. தேவையை அறிந்து, செலவை எண்ணி, சிறிது காலம் பயின்று பார்த்து வாங்குபவன் பின்னர் வருந்தான்.

வினாக்கள்

1. உழவர் கூறிய சொற்கள் பட்டறைக்காரரின் நெஞ்சில் தைத்தது ஏன்?
2. விலையின்றிக் கிடைக்கும் மென்பொருளுக்கும் செலவு உண்டு என்பதை விளக்குக.
3. உம் ஊரில் உள்ள பழுது பார்க்கும் கடை ஒன்றுக்கு ஏற்ற பதிவேட்டின் தலைப்புகளை வரைக.