பட்டறையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு: பீன்யாவில் பொறுப்பேற்கும் மகளுக்கு

கண்ணு,

உங்கள் கம்பெனி ஆட்களைப் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு வழிகாட்டிகளாக அனுப்பும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. பெங்களூர் பீன்யாவின் டூல் ரூம்களிலேயே என் ஆயுசு கழிந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கம்பெனிகளையும், சொல்லிக்கொடுப்பதாகப் பேர் பண்ணிய கம்பெனிகளையும் பார்த்திருக்கிறேன். முதலாளி உன்னிடம் முதலில் கேட்கப்போவது, “இதனால் நமக்கு என்ன லாபம்?” என்றுதான். நியாயமான கேள்வி. லாபம் உண்டு. ஆனால் அது பிள்ளையை நினைத்துப் போகிறவர்களின் கைக்குத்தான் வந்து சேருகிறது. அதை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

1. நீ நிற்கிற மண்ணின் கதையை முதலில் தெரிந்துகொள். பக்கத்து ஜாலஹள்ளியில் 1953-இல் எச்.எம்.டி. மெஷின் டூல் தொழிற்சாலை வந்தது. அடுத்த வருஷம் பி.இ.எல். மின்னணுத் தொழிற்சாலை. அங்கே அரம் பிடிக்கவும் டிராயிங் படிக்கவும் கற்ற கைகள் பல, பிறகு பீன்யாவில் சொந்தமாக ஷெட் போட்டன. 1978-இல் பீன்யா தொழில்கள் சங்கம் உருவானபோது அதற்குப் பின்னால் அந்தக் கைகளின் பயிற்சியும் இருந்தது. கேரளத்தில் தலச்சேரி பக்கம் நெட்டூரில் 1959-இல் சுவிஸ் உதவியோடு தொடங்கிய என்.டி.டி.எஃப். பயிற்சி நிறுவனம் இன்று பீன்யாவைத் தலைமையிடமாக வைத்திருக்கிறது. 1972-இல் டென்மார்க் உதவியோடு ஆரம்பித்த அரசு டூல் ரூம் பயிற்சி மையமான ஜி.டி.டி.சி. ராஜாஜிநகரில் இருக்கிறது. பெரிய கம்பெனி வளர்த்த பையன் வேலையை விட்டுப்போய் ஷெட் போட்டான். அதே பையன் அந்தக் கம்பெனிக்கே பார்ட்ஸ் செய்துகொடுத்தான். சொல்லிக்கொடுத்தது நஷ்டம் என்று யார் கணக்குப் போட முடியும்? கோயம்புத்தூரிலும் இதே கதைதான். பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926-இல் தொடங்கி, 1951-இல் பொறியியல் கல்லூரி திறந்தபோது பட்டறையும் வகுப்பும் ஒரே காம்பவுண்டில் இருந்தன. மோட்டாரும் பம்பும் செய்யும் ஊராக அது மாறியதில் அந்தப் பக்கத்து வாசத்துக்குப் பங்கு உண்டு.

2. லாபத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். ஆரம்பிக்கும் முன்பே மூன்று கணக்கை எழுதி வைத்துக்கொள்: ஒரு வருஷத்தில் எத்தனை பேர் வேலையை விட்டார்கள், புது ஆள் தனியாக மெஷின் ஓட்ட எத்தனை நாள் ஆகிறது, ரிஜெக்‌ஷன் எவ்வளவு. வருஷம் திரும்பும்போது அதே மூன்றையும் எடுத்துப் பார். பள்ளிக்குப் போய்வந்த ஆட்களின் பிரிவில் எண் நகர்ந்திருந்தால் முதலாளியிடம் காட்டு. நகராவிட்டாலும் காட்டு. சட்டம் சொல்கிறது என்று மட்டும் சொல்லி இந்தக் காரியத்தை நடத்தாதே. 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனிகளைத்தான் லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது. பீன்யாவின் ஷெட்டுகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் வராதவை. ஆகவே இங்கே யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். மனசு இருப்பவர்தான் செய்வார்.

3. மேனேஜரை மட்டும் அனுப்பாதே, ஆபரேட்டரையும் அனுப்பு. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். எங்கள் ஷாப்பில் ஒரு டர்னர் இருந்தார். வாய் திறக்காத மனிதர், கை மட்டும் பேசும். ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஷாப் பார்க்க வந்தார்கள். அவர் 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஒன்றைக் கடைந்து முடித்து, உடனே அளக்காமல் ஓரமாக வைத்தார். ஒரு பெண் குழந்தை கேட்டாள்: “ஏன் மாமா, இப்பவே அளக்கலை?” அவர் திகைத்து நின்றார். இத்தனை வருஷமாகக் கை செய்துவந்ததற்கு அன்றைக்குத்தான் வாயால் பதில் தேட வேண்டியிருந்தது. “கடையும்போது சூடாகும் கண்ணு. சூட்டில் இரும்பு பருக்கும். இப்ப அளந்தால் பொய் சொல்லும்,” என்றார். அளந்தும் காட்டினார். சூட்டோடு ஒரு அளவு, ஆறியபின் இன்னொரு அளவு. மைக்ரோமீட்டரில் ஒரு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. உருக்கு 20 டிகிரி சூடேறினால் 50 மில்லிமீட்டரில் ஏறக்குறைய அவ்வளவுதான் பருக்கும். பேரிங் உட்காரும் இடத்தில் அந்த ஒரு நூறில் ஒரு பங்கே வேலையைக் கெடுத்துவிடும்.

அந்தப் பிள்ளை போன பிறகு நடந்ததுதான் முக்கியம். மறுவாரம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்களைக் கூப்பிட்டு, தானாகவே அதே விஷயத்தைச் சொன்னார். அதுவரை யாருக்கும் அவர் எதுவும் சொன்னதில்லை; அவரைப் பார்த்துப் பழகு என்று விட்டுவிடுவோம். கொஞ்ச நாளில் அந்த லைனில் ரீவொர்க் குறைந்தது. பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்தவருக்குத் தன் ஷாப்பின் புது ஆளுக்கும் சொல்லத் தெரிந்துவிடுகிறது. சூப்பர்வைசர் பயிற்சி என்று கம்பெனிகள் ஹோட்டலில் அறை எடுத்து நடத்துகிறார்களே, அதில் கற்றுத்தர முடியாத பொறுமை இதில் வருகிறது. பத்து வயது, பதினாலு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமென்றால் தனக்கு முதலில் தெளிவு வேண்டும் இல்லையா?

4. போகிறவரைப் பார்த்தால் பிள்ளைக்குத் தன் வீட்டு மனுஷர் ஞாபகம் வர வேண்டும். இந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் அப்பா லோடு ஏற்றுகிறார், அம்மா கார்மென்ட்ஸில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். கோலார் தங்கச் சுரங்கத்தை 2001-இல் மூடியபின் வேலை தேடி பெங்களூருக்கு வந்த நம் தமிழ் ஆட்களின் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். கோட்டுப் போட்ட பெரிய அதிகாரி வந்து உழைத்தால் உயரலாம் என்று சொன்னால் கை தட்டுவார்கள். ஐ.டி.ஐ. முடித்து, டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேர்ந்து, அங்கிருந்து பி.இ. இரண்டாம் வருஷத்துக்குப் போன ஒரு டூல் டிசைனர் பெண் வந்து தன் கதையைச் சொன்னால், அன்றைக்கு ராத்திரி அதை வீட்டில் போய்ச் சொல்வார்கள். பத்தாவது முடித்தபின் பி.யூ.சி. ஒன்றுதான் வழி என்று நினைக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த ஒரு கதையில் ஒரு வீட்டின் முடிவு மாறும்.

5. சொன்ன நாளில் போ. இதைவிடப் பெரிய அறிவுரை என்னிடம் இல்லை. ஒரு கம்பெனி (பேர் வேண்டாம்) பேனர் கட்டி, பை கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனது. “மறுபடியும் வருவோம்” என்று மேடையில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பையன் அடுத்த மாதம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அந்தப் பள்ளி ஆசிரியை சொன்னார். இந்தப் பிள்ளைகள் பெரியவர்களின் வாக்கு பொய்க்கிறதை வேண்டிய மட்டும் பார்த்துவிட்டார்கள், கண்ணு. இன்னொரு முறை நம்மாலும் வேண்டாம். மாதம் ஒரு முறைதான் முடியும் என்றால் ஒரு முறை என்றே சொல். ஆனால் ஆர்டர் நெருக்கினாலும், இன்ஸ்பெக்‌ஷன் வந்தாலும் அந்த நாள் தவறாதே. வாடிக்கையாளரிடம் டெலிவரி தேதியைக் காப்பாற்றும் புத்தி இதிலிருந்தும் வளரும்.

6. கன்னடம் பேசு. தமிழ்ப் பிள்ளையிடம் தமிழில் பேசுவது சுகம்தான். ஆனால் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தெலுங்குப் பிள்ளையாகவோ ஒடியாப் பிள்ளையாகவோ இருக்கும். பொதுவான மொழி வகுப்பு மொழிதான். தப்பாகப் பேசினால் பிள்ளைகள் திருத்துவார்கள். திருத்தவிடு. வந்தவருக்கே தாங்கள் ஒன்றைக் கற்றுக்கொடுத்தோம் என்று அவர்கள் முகம் மலரும்.

7. வேலை நேரத்திலிருந்து நேரம் கொடு. ஞாயிற்றுக்கிழமை கட்டாயமாக வா என்று கூப்பிட்டால் அது தொண்டு இல்லை, சம்பளமில்லாத ஓவர்டைம். போக விருப்பமில்லாதவரை விட்டுவிடு. அவர் பேரை அப்ரைசலில் குறைக்கவும் விடாதே. விரும்பிப் போகிறவருக்கு மாதம் அரை நாள் கூலியோடு கொடுக்க முதலாளியைச் சம்மதிக்க வை. ஆயிரம் ரூபாய் கூடுதல் கிடைத்தால் அடுத்த தெருவுக்கு மாறிவிடும் ஊர் இது. என்றாலும், பள்ளியில் தன்னை “சார்” என்று கூப்பிடும் பிள்ளைகள் இருக்கும் மனிதர், அப்படிச் சட்டென்று கிளம்ப யோசிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பணத்தை ஈடுகட்ட மரியாதையால் முடியாது. சம்பளத்தைச் சரியாகக் கொடுத்த இடத்தில்தான் மரியாதை ஆளைப் பிடித்து வைக்கிறது.

8. பிள்ளையின் பாதுகாப்பில் கொஞ்சமும் தளராதே. ஆசிரியர் இல்லாத அறையில் யாரும் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. தனி போன் நம்பர் வாங்கக் கூடாது. போட்டோ எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். எவ்வளவு நல்ல மனிதர் என்றாலும் இந்த விதி எல்லோருக்கும் ஒன்று. வழிகாட்டுதல் என்ற பேரில் பிள்ளையிடம் வேலையும் வாங்காதே. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பின், பதினாலு வயதுக்குள்ளானவரை எந்தக் கம்பெனி வேலையிலும் வைக்கக் கூடாது. பதினெட்டு வரை அபாயமான வேலை கூடாது. பேக்கிங்தானே, லேபிள் ஒட்டுவதுதானே என்று யாராவது சொன்னால் முகத்துக்கு நேரே மறு. உரிய வயது வந்தபின் முறையாக அப்ரண்டீஸாகச் சேர்த்துக்கொள். 30 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டீஸ்களை வைக்க வேண்டும் என்பது விதியே. 2016-இல் தொடங்கிய தேசிய அப்ரண்டீஸ் ஊக்குவிப்புத் திட்டம், ஸ்டைபெண்டில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஏற்க முன்வந்தது. உன் கம்பெனிக்கு எது பொருந்தும் என்று கேட்டுத் தெரிந்துகொள்.

9. நீ வழிகாட்டிய பிள்ளை உன் கம்பெனிக்கே வரவேண்டும் என்று எதிர்பார்க்காதே. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும். இன்ஃபோசிஸ் 1997-இல் பெங்களூரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ‘கேட்ச் தெம் யங்’ என்று ஒரு பயிற்சியைத் தொடங்கியது. அதில் சேர்ந்த பதினாலு வயதுப் பிள்ளை எங்கே போய்ச் சேரும் என்று யாரால் சொல்ல முடியும்? அது நர்ஸாகலாம், வாத்தியாராகலாம், உன் போட்டிக் கம்பெனியில் டிசைனராகலாம். எங்கே போனாலும், பீன்யா என்றால் புகையும் லாரியும் மட்டும் இல்லை, அங்கே நம்மை மதித்துப் பேசியவர்கள் இருந்தார்கள் என்று அது நினைக்கும். அதன் தம்பியோ பக்கத்து வீட்டுப் பையனோ ஒரு நாள் உன் கேட்டில் வந்து நிற்பான். அவனுக்கு உங்கள் கம்பெனியை யாரும் விளம்பரம் பண்ணியிருக்க மாட்டார்கள்.

10. பள்ளி ஆசிரியரைத் தாண்டிப் போகாதே. உன் ஆட்கள் மாதம் ஒரு மணி நேரம் வருவார்கள், அவர் வருஷம் முழுக்க இருப்பவர். என்ன தேவை என்று அவரிடம் கேள். பல பள்ளிகளில் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறது. 2016-இல் வந்த அடல் இன்னொவேஷன் மிஷன் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை கொடுத்து, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகள் தொட்டுச் செய்து பார்க்க வைத்த அறை அது. வழிகாட்டிகள் தொண்டாக வந்து சேரவும் அதில் இடம் வைத்திருக்கிறார்கள். சாமான் வந்திறங்கியும் அதைப் பிரித்துச் சேர்த்துக் காட்ட ஆள் இல்லாமல் இருக்கும் அறைகள் உண்டு. உன் ஃபிட்டர்கள் அங்கே போனால் ஆசிரியர் எவ்வளவு நிம்மதியடைவார் என்று பார். புதுக் கட்டடம், புது பெயிண்ட் என்று ஆரம்பிக்கும் முன் இருப்பதை ஓடவை.

11. இப்போதே கிளம்பு. மெட்ரோ 2014-இல் பீன்யா இண்டஸ்ட்ரி வரை வந்தபின் ஆட்கள் வந்துபோவதும் சுலபமாகிவிட்டது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம் கூட்டமாக இருக்கும், இரண்டாம் வாரத்தில் தலைமை ஆசிரியரைப் போய்ப் பார். முதல் தடவை பேனர் வேண்டாம், போட்டோகிராஃபர் வேண்டாம். விருப்பத்தோடு வரும் ஆபரேட்டர் இரண்டு பேர் போதும். பையில் ஒரு மைக்ரோமீட்டரும், சூட்டைத் தாங்கும் கையுறையும், கடைந்த ஷாஃப்ட் துண்டு ஒன்றும் வைத்துக்கொள். எங்கள் டர்னர் ரிடையர் ஆகி தாசரஹள்ளியில்தான் இருக்கிறார். கூப்பிட்டால் வருவார், நம்பர் அனுப்புகிறேன்.