எஞ்சின் விசிறியும் அதன் கோளாறுகளும்

மோட்டார் எஞ்சினில் எரியும் எண்ணெயின் உஷ்ணம் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைச் சூழ்ந்துள்ள நீரில் இறங்குகிறது. அந்நீர் பம்பினால் தள்ளப்பட்டு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடி, காற்றினால் ஆறி, மீண்டும் எஞ்சினை அடைகிறது. அக்காற்றை இழுத்துக் கொடுப்பதே விசிறியின் தொழிலாகும்.

சாலையில் விரைந்து செல்லும் காருக்கு எதிர்க்காற்றே பெரும்பாலும் போதும். நிற்கும்போதும் மெல்லச் செல்லும்போதுமே அதற்கு விசிறி இன்றியமையாதது. உழவு டிராக்டரோ மெல்லச் சென்று பெரும் பாரத்தை இழுப்பது. ஆகையால் அது முற்றிலும் விசிறியையே நம்பியுள்ளது.

டிராக்டர்களிலும் பழைய கார்களிலும் எஞ்சினே பெல்ட் மூலமாக விசிறியைச் சுழற்றுகிறது. பலவற்றில் அதே பெல்ட் நீர்ப் பம்பையும் ஓட்டுகிறது. தற்காலத்துக் கார்களில் பெரும்பாலும் மின்சார விசிறி அமைந்துள்ளது. எஞ்சினை நிறுத்திய பின்னரும் அது திடீரென்று சுழலக்கூடுமாதலால், அதனருகே கை வைத்தல் ஆகாது.

கோளாற்றின் குறிகள் பின்வருமாறு:

1. கார் நிற்கையில் உஷ்ணமானி ஏறி, வேகமாகச் செல்கையில் இறங்குமாயின், குற்றம் பெரும்பாலும் விசிறியிலேயே உள்ளது. வேகத்திலும் ஏறுமாயின் நீர்க்குறைவையும் ரேடியேட்டர் அடைப்பையும் சோதிக்க வேண்டும்.

2. எஞ்சினை முடுக்கும்போது கிறீச்சென்ற ஓசை எழுந்தால், பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது என்று அறியலாம்.

3. விசிறி ஆடிச் சுழன்று இரைச்சலிட்டால் பேரிங் தேய்ந்திருக்கலாம். இதழ் வளைந்தோ உடைந்தோ இருத்தலும் கூடும்.

4. விசிறி செவ்வனே சுழன்றும் சூடு ஏறுமாயின், ரேடியேட்டரின் முகத்தில் பதரும் வைக்கோல் தூசியும் அடைந்துள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். கதிரடிக்கும் காலத்தில் இது மிகுதி.

நாள்தோறும் வேலைக்கு முன், எஞ்சின் நின்றிருக்கையில், பெல்ட்டை இரு கப்பிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பொதுவாக அரை அங்குல அளவு அமிழ்வது சரியாகும். அவ்வவ் வண்டிக்குரிய அளவு அதன் கையேட்டில் காணப்படும். வெடித்த பெல்ட்டை உடனே மாற்ற வேண்டும். ரேடியேட்டரின் தூசியை விசிறிப் பக்கமிருந்து முன்புறமாக ஊதி வெளியேற்றுக.

சூடு மிஞ்சினால் வேலையை நிறுத்துக. மூடியை உடனே திறத்தல் பேராபத்து. அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் கொதியாதிருந்து, மூடி திறந்த கணமே ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கவுங்கூடும். நன்கு ஆறிய பின்னரே மூடியைத் திறந்து நீர் நிரப்புதல் வேண்டும்.

பலர் மாறி மாறி ஓட்டும் வாடகை டிராக்டர்களில், இச்சோதனை எவருடைய பொறுப்புமின்றி விடுபடுவது எளிது. அத்தகைய வண்டிகளை மேற்பார்க்கும் கிராம அதிகாரிகள், சோதனை செய்த விவரத்தை ஓட்டுநர் தினமும் பதிவுப் புத்தகத்தில் குறிக்கும்படி ஏற்பாடு செய்தல் நலம். பெல்ட்டின் விலை அற்பம். சூட்டினால் எஞ்சினின் தலைப்பகுதி கோணிவிட்டாலோ, பழுது பார்க்கும் செலவுடன் உழவுப் பருவமும் கைநழுவிப் போகும்.