இருளர் பிள்ளைக்குத் தனிப் பாடமா?

கேள்வி: பழங்குடிப் பிள்ளைகளின் ‘கற்றல் பாணி’ வேறு, கையால் செய்தால்தான் அவர்களுக்கு அறிவியல் ஏறும் என்கிறார்களே, உண்மையா?
– ஓர் ஆசிரியை, பெண்ணாடம்.

பதில்: இல்லை. ஹரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இதுபற்றிய ஆய்வுகளைச் சலித்து 2008-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பாணிக்கேற்பப் பாடம் நடத்தினால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு சமூகத்துக்கே ஒரு பாணி என்பது இன்னும் மோசம். பழைய முத்திரைதான், பெயர் மட்டும் புதிது.

பிள்ளைகளுக்குத் தெரிந்ததிலிருந்து பாடத்தைத் தொடங்குவது வேறு சங்கதி. உதாரணமாக, 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பழங்குடியினரின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பாம்பு விஷம் எடுத்துத் தருகிறது. விஷமுறிவு மருந்துக்கு அதுவே மூலப்பொருள். அத்தொழிலில் தேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நோய் எதிர்ப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் ஏது? ஆனால் இருளர் பிள்ளை என்றாலே பாம்பு தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. செங்கல் சூளையிலேயே வளர்ந்த பிள்ளைகள் ஏராளம்.

அவர்களுக்குச் சூளையே ஆய்வகம். பக்கத்து விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையும் உதவும். காய்ந்த களிமண்ணை நீரில் போட்டால் கரையும். அது இயற்பியல் மாற்றம். சூளையில் சுடும்போது சுமார் 500, 600 டிகிரி செல்சியஸில் களிமண்ணோடு வேதிப்பிணைப்பில் இருக்கும் நீரும் வெளியேறிவிடும். அப்புறம் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் அது குழையாது. ஏன் என்று முதலில் வகுப்பையே கேளுங்கள், எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து.