ஒரு குழாய் இரத்தம் எதை முன்கூட்டிச் சொல்லும்?

பிரம்மதேசத்திலிருந்தும் திண்டிவனத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் எங்களிடம் வரும் பெற்றோர் சிலர் கேட்கும் கேள்வி இது: “பிள்ளை இரவில் உறங்குவதில்லை. யாரோ தன் பெயரைச் சொல்லி அழைப்பதுபோல் கேட்கிறது என்கிறான். இது பெரிய மனநோயாக முற்றுமா? இரத்தத்தைச் சோதித்துச் சொல்லிவிட முடியாதா?”

நாங்கள் இரத்தம் எடுப்பது உண்மையே. தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, நோய்த்தொற்று ஆகியவை மனத்தைக் குழப்பக்கூடும் என்பதால் அவற்றை முதலில் பார்க்கிறோம். அச்சோதனை வருங்காலத்தைச் சொல்வதற்கன்று.

வருங்காலத்தைச் சொல்லும் சோதனைக்கான தேடலும் நடைபெறுகிறது. அயர்லாந்தின் டப்ளின் நகர ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சைக்கோசிஸ் எனப்படும் தீவிர மனநோயின் முன்னறிகுறிகள் உடைய 133 பேரின் இரத்தம் தொடக்கத்திலேயே சேமிக்கப்பட்டிருந்தது. அவர்களுள் 49 பேருக்குப் பின்னர் நோய் வெளிப்பட்டது. 84 பேருக்கு வெளிப்படவில்லை. இரு சாராரின் இரத்தத்திலும் புரதங்களின் அளவு வேறுபட்டிருந்தது. உடலின் எதிர்ப்பாற்றலோடும் இரத்தம் உறைதலோடும் தொடர்புடைய புரதங்களே அவற்றுள் முதன்மையானவை. இத்தகைய அடையாளங்களை ‘உயிர்க்குறிகாட்டிகள்’ என்பர். மூளையின் நோய் என்று நாம் எண்ணுவதன் சுவடு உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் தெரிவது வியப்புக்குரியது. எனினும் அது இன்னும் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது.

ஏன் அதை உடனே எல்லோருக்கும் செய்யக்கூடாது? ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் சோதனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஆயிரம் இளைஞரில் ஐவருக்கே நோய் வரப்போகிறது என்றால், அச்சோதனை அவர்களுள் நால்வரையோ ஐவரையோ கண்டுபிடிக்கும். கூடவே நோய் வராத ஏறத்தாழ நூறு பேரையும் ‘வரும்’ என்று தவறாகச் சுட்டும். அந்த நூறு பேரின் படிப்பும் திருமணப் பேச்சும் என்னாவது? முன்னறிகுறிகளோடு மருத்துவரிடம் வந்த நூறு பேருக்கு மட்டும் அதே சோதனையைச் செய்தால் கணக்கு மாறும். அத்தகையோரில் மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே நோய் வெளிப்படுகிறது. அங்கே இருபத்திரண்டு பேர் சரியாகவும், ஏழெட்டுப் பேர் மட்டும் தவறாகவும் சுட்டப்படுவர். ஆகவே இச்சோதனை ஒரு நாள் வந்தாலும், மருத்துவரின் உரையாடலுக்குப் பின்னரே அதற்கு இடம் உண்டு. இப்போதே இதைச் செய்து தருவதாக யாரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டா.

நோய் வந்துவிட்டாலும் அதன் போக்கு ஒன்றேயன்று. சென்னையில் மருத்துவர் தாராவும் அவர்தம் குழுவினரும், மனச்சிதைவு நோய் முதன்முறையாகக் கண்ட 90 பேரை 1981 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர முற்பட்டனர். இறுதிவரை தொடர்பில் இருந்தவர்களுள் இடையறாது நோயிலேயே கிடந்தவர் மிகச் சிலரே.

சோதனை வரும்வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை உண்டு. உறக்கம் கெடுதல், காரணமற்ற ஐயம், தனித்து ஒதுங்குதல், படிப்பிலும் வேலையிலும் திடீர்ச் சரிவு ஆகியவை சில வாரங்கள் நீடித்தால் அழைத்து வாருங்கள். கஞ்சாப் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். அது நோய்க்கு வழிவிடும், நாங்கள் அதற்காகக் காவல்துறையை அழைக்கப்போவதுமில்லை. இந்நிலையில் பெரும்பாலும் மாத்திரை முதல் மருத்துவமன்று. பேச்சுவழிச் சிகிச்சையும், மனச்சோர்வுக்கான கவனிப்பும், குடும்பத்தாருக்கான ஆலோசனையுமே முதலில். கோயிலுக்கு அழைத்துச் செல்வதை நாங்கள் தடுப்பதில்லை. அதற்காக மருத்துவரிடம் வரும் நாளைத் தள்ளிப்போட வேண்டா என்றே கேட்கிறோம்.

வரும்போது, மாற்றங்கள் எந்த மாதத்தில் தொடங்கின என்பதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். இரவில் அச்சம் மிகுந்தால் அரசின் டெலி மனஸ் இலவச எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.